எல்.கே.ஜி. அளவில் ஒரு சட்டை

துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் இந்தியப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் என்றால் ஜெபராணி டெய்லரிங். இருபது வருஷமாக அப்படித்தான் இருந்தது. 2005 மார்ச் மாதம் அது முடிந்துபோனது.

குளச்சலிலிருந்து ஒரு கத்திரியும் ஒரு இன்ச் டேப்புமாக வந்திறங்கிய தேவதாஸ் தன் மனைவி பெயரில் தொடங்கிய கடை அது. ஜெபராணி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது கடையை ஓட்டுவது மகன் ரெனீஷ். காஜாவும் பட்டனும் கல்லாவும் மருமகள் ஷிஜியிடம். கட்டிங் டேபிளை மட்டும் தேவதாஸ் இன்னும் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. மிஷினில் மீரா சாகிப் என்ற ராமநாதபுரத்துக்காரர். வேறு மூன்று மிஷின்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்வதற்குள் போய்விட்டார்கள்.

இவர்கள் தைத்துக் கொடுத்துவந்த இந்தியப் பள்ளிக்கூடத்துக்குப் புது நிர்வாகம் வந்திருந்தது. ரெடிமேடாகக் கப்பலில் வந்து இறங்குகிற யூனிஃபார்மே போதும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதைச் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. உட்காரவைத்து, டீ கொடுத்து, சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ஆனால் அதற்குள் அந்த வருஷத்துக்கான துணி முழுக்க வாங்கியாகிவிட்டது. மெரூன் கட்டம் போட்ட டெரிகாட்டன் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. விளையாட்டு விழாவுக்கான மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலச் சாட்டின் துணியும் கூடவே.

ஷிஜியின் மகள் டெல்பினும் அதே பள்ளிக்கூடத்தில்தான் மூன்றாம் வகுப்பு. அவளும் அந்த ரெடிமேடு சட்டையைத்தான் வாங்கவேண்டியதாயிற்று. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கடை வழியாகப் போனவளைத் தேவதாஸ் நிறுத்தினார். காலரை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, சட்டையைக் கழற்றச் சொல்லி, காலரைப் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தார். பஸ் போய்விட்டது. ரெனீஷ்தான் வேனில் கொண்டுபோய் விட்டான்.

"மாமா, இதுக்குப்போயி..." என்றாள் ஷிஜி.

"என் பேத்தியாக்கும் அவ. கோணக் காலரோட போவாளா?"

ரெனீஷுக்கு யோசனைக்குப் பஞ்சம் கிடையாது. அதுதான் ஷிஜியின் பயம். முதலில் நர்ஸ்களுக்கு யூனிஃபார்ம் தைக்கலாம் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினான். அங்கேயும் ரெடிமேடுதான். பிறகு ஜன்னல் திரை. மெரூன் கட்டத் திரையை மாட்டிப் பார்த்த ஷார்ஜாக்காரர் ஒருவர், தினமும் காலையில் கண்ணைத் திறந்தால் பரீட்சை ஞாபகம் வருகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் லுங்கி. ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்களில் ஆயிரக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் லுங்கி வேண்டும், நம்மிடம் கட்டம் போட்ட துணி இருக்கிறது. கேட்கும்போது ஷிஜிக்கே நியாயமாகத்தான் பட்டது.

டெரிகாட்டன் இடுப்பில் நிற்காது என்று யாருக்கும் தோன்றவில்லை. கேம்ப் குளியலறைக்கு வரிசையில் நின்ற ஒரு விழுப்புரத்து மேஸ்திரிக்கு, ஒரு கையில் வாளியும் ஒரு கையில் சோப்பு டப்பாவும் இருக்கும்போது அது வழுக்கி இறங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை போன ரெனீஷ் மேல் லுங்கிகள் எல்லாவற்றையும் வீசி எறிந்தார்கள். அவன் வேன் நிறைய மூட்டையோடு திரும்பி வந்து, மூட்டையைக்கூட இறக்காமல் மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அன்று ஷிஜி சிரித்தாள். அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. ஒரு மிஷின்காரர் ஊருக்குப் போனார், இன்னொருவர் அபுதாபிக்கு, மூன்றாமவர் சொல்லாமலே போய்விட்டார். மீரா சாகிப்பையும் போகச் சொன்னாள். "எங்க தங்கச்சி போறது? எனக்கு இந்த ஸ்டூலு பழகிப்போச்சு" என்று அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அக்டோபரில் கஃபீலின் மகன் வந்தான். இங்கே கடை வைக்க வேண்டுமானால் உள்ளூர் அரபி ஒருவர் லைசென்ஸில் கையெழுத்துப் போட வேண்டும்; அவர்தான் கஃபீல். இவர்களுக்கு அபூ ஹுமைத் என்ற கிழவர். இருபது வருஷமாக வருஷத்துக்கு ஒரு கையெழுத்து, ஒரு டீ, அவ்வளவுதான் தொந்தரவு. மகன் வேறு மாதிரி. கடைக்குள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தான், அகலத்தைக் காலால் அளந்தான்.

"இந்த வருஷம் பாபா கையெழுத்துப் போடமாட்டார்," என்றான் இந்தியில். "இங்கே நான் மொபைல் கடை போடப் போகிறேன். மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள்."

லைசென்ஸ் போனால் விசாவும் போகும். ஷிஜி, ரெனீஷ், டெல்பின், தேவதாஸ், மீரா சாகிப் என்று ஐந்து பேரின் பாஸ்போர்ட்டிலும் ஒட்டியிருந்தது அந்தக் கடையின் பெயர்தான். குளச்சலில் வீடு இருந்தது. அதில் ரெனீஷின் தம்பி கிளிட்டஸ் குடும்பம் இருந்தது. அங்கே போய் என்ன செய்வது என்று ரெனீஷும் ஷிஜியும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் சொல்லவேண்டி வரும்.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன ஷிஜி, மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டு ஆச்சரியத்தோடு உள்ளே எட்டிப் பார்த்தாள். தேவதாஸ் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூல் இல்லை. கட்டத் துணி ஒன்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓட்டி, திருப்பி, மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார். ஷிஜி சாப்பாட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். மாடிப் படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. கையெழுத்துப் போடமாட்டேன் என்று கிழவர் சொல்லவில்லை. மகன்தான் சொன்னான்.

"அவர நேர்ல பாப்போம்," என்றாள் ரெனீஷிடம்.

"ஃபோன் எடுக்க மாட்டேங்காரு பிள்ளே. ரேஸ் சீசன் ஆரம்பிச்சாச்சு. அல் ஐன்ல ஒட்டகத்தோட கெடப்பாரு."

"அப்பம் அல் ஐனுக்குப் போவோம்."

கிழவருக்கென்று முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒரு டின் நிறையச் செய்தாள். வழி முழுக்க, சொல்லவேண்டியதை இந்தியில் மனப்பாடம் செய்துகொண்டே போனாள்.

ஒட்டகப் பண்ணை ஊருக்கு வெளியே மணலில் இருந்தது. அபூ ஹுமைத் வேலிக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே ஒரு வெள்ளை ஒட்டகம். அதன் முதுகில் ஒரு ரோபோ. அந்த வருஷம்தான் ஒட்டகப் பந்தயத்தில் சின்னப் பையன்களை ஏற்றக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டிருந்தது. பையன்களுக்குப் பதிலாக இரும்புப் பெட்டி மாதிரி ஒன்று. அதன் மேல் ஹெல்மெட் மாட்டிய தலை, வலது பக்கம் சாட்டையைச் சுழற்ற ஒரு கை, முதலாளி காரில் வந்தபடியே அதட்டுவதற்கு நெஞ்சில் ஒரு வாக்கி டாக்கி. ஒட்டகத்துக்கு அதைப் பிடிக்கவில்லை. மனிதன் மாதிரித் தெரியட்டும் என்று யாரோ ஒரு பெரிய ஆளின் பனியனை அதற்கு மாட்டியிருந்தார்கள். ஒட்டகம் நாலு எட்டு வைக்கும், பனியன் சுற்றிக்கொள்ளும், சாட்டை பனியனில் மாட்டும், ஒட்டகம் உதறும்.

"அஸ்ஸலாமு அலைக்கும், அர்பாப்," என்று முதலாளிக்குச் சலாம் வைத்தான் ரெனீஷ்.

"இன்று இல்லை. கலாஸ், முடிந்தது. போ!" என்றார் கிழவர், திரும்பிப் பார்க்காமல்.

ஷிஜி டின்னோடு ஒரு அடி முன்னால் வந்தாள். மனப்பாடம் செய்தது ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒட்டகம் ஒரு துள்ளு துள்ளியது. ரோபோ பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. ஹெல்மெட் தனியாக உருண்டது. பனியன் கழுத்து வரை ஏறியிருக்க, அந்த ஒற்றைக் கை மட்டும் இன்னும் சாட்டையை மணலில் அடித்துக்கொண்டே இருந்தது.

ஷிஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. ஆறு மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வந்து, பாதியில் அழுகையாக மாறி, எது எதுவென்று அவளுக்கே தெரியாமல் போனது. பண்ணை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரெனீஷ் முகம் வெளுத்துப்போய் நின்றான்.

கிழவர் வேலியைத் தாண்டி வந்தார். "எதற்குச் சிரிக்கிறாய்?"

"எல்.கே.ஜி. பிள்ளைங்க முதல் நாள் இப்படித்தான் அர்பாப் இருக்கும்," என்றாள் தன் அரைகுறை இந்தியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அப்பா சட்டையைப் போட்ட மாதிரி. இவனுக்குத் தோளே இல்லை. தோள் இல்லாத ஆளுக்குத் தோள் வைத்துத் தைக்கணும். இல்லையென்றால் சட்டை சுத்தும். சட்டை சுத்தினால் ஒட்டகம் மிரளும்."

கிழவர் ரோபோவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நீ என் டெய்லரின் மருமகள் அல்லவா?"

"ஆமா."

"வியாழக்கிழமை ரேஸ். நாளைக்கு ட்ரையல். தைத்துக் கொண்டு வா. ஒட்டகம் ஓடினால் மற்றதைப் பேசலாம். ஓடவில்லையென்றால் கலாஸ்."

ஒட்டகத்தைப் பழக்குகிற ஒஸ்மான் என்ற சூடான்காரர் இன்னொரு ரோபோவை வேனில் ஏற்றிக் கொடுத்தார். ஷிஜி அதன் நெஞ்சில் டேப்பை வைத்துப் பார்த்தாள். கை தன்னால் நின்றது. டெல்பினுக்கு நாலு வயதில் தைத்த அளவு.

"போன வருஷம் ஓட்டின பையன்களும் இந்த அளவுதானா?" என்று கேட்டாள்.

"இந்த அளவுதான்," என்றார் ஒஸ்மான். "ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நல்லது. விழுந்தால் இவனை ஸ்க்ரூ போட்டு நிமிர்த்திவிடலாம்."

ஷிஜி டேப்பைச் சுருட்டிக்கொண்டு வேனில் ஏறினாள்.

கடையில் கட்டிங் டேபிள் மேல் ரோபோவை உட்கார வைத்ததும் தேவதாஸ் எழுந்து நின்றார்.

"என்னதுடே இது?"

ரெனீஷ் சொன்னான். அவர் கேட்டுவிட்டுக் கத்திரியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "மனுசனுக்குத் தச்ச கையாக்கும். மாட்டுக்கும் தகரத்துக்கும் தைக்கியதுக்கு வேற ஆளப் பாருங்க."

"மாமா, இது ஒண்ணுதான் வழி."

"வழி இல்லன்னா ஊருக்குப் போவோம். அங்க போயிப் பட்டினி கெடப்போம்."

"பட்டினி நீங்க கெடப்பிய மாமா," என்று ஷிஜி வெடித்தாள். "டெல்பின் கெடக்கணுமா? அத்தை பேரு போட்ட போர்டக் கழட்டி எங்க கொண்டுபோயி வைப்பிய? கட்டிலுக்கு அடியிலயா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. தேவதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மீரா சாகிப் தரையில் விழாத நூல்கண்டு ஒன்றைக் குனிந்து தேடினார்.

சரி, நானே வெட்டுகிறேன் என்று ரெனீஷ் இறங்கினான். தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியட்டும் என்று மஞ்சள் சாட்டினை விரித்தான். சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். வேறொரு கத்திரியை எடுத்து, துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாழை இலை நறுக்குவதுபோல நறுக்கத் தொடங்கினான். தேவதாஸ் பார்க்காமல் இருந்து பார்த்தார். கண்ணை மூடியும் பார்த்தார். ரெனீஷ் கழுத்துக்கு வட்டம் வெட்டப் போனபோது அவரால் முடியவில்லை.

"லேய்! துணியக் கொல்லாத. அங்க போ!"

மகனைத் தள்ளிவிட்டுச் சாவியைத் தேடினார். ரோபோவின் நெஞ்சில் டேப்பைச் சுற்றி, "இருபத்திரண்டு," என்றார் யாரிடமும் சொல்லாததுபோல. "கழுத்து இல்ல. மீரா சாகிப்பே, தோளுக்குப் பஞ்சு வைக்கணும், கேட்டீரா?"

"கேட்டேன் மாஸ்டர்," என்றார் மீரா சாகிப். அவர் மிஷினில் நூல் கோத்துத் தயாராகவே இருந்தார்.

மறுநாள் தேவதாஸும் வேனில் ஏறிக்கொண்டார். தைத்ததை மாட்டிப் பார்க்காமல் கொடுக்கிற பழக்கம் தனக்கு இல்லை என்றார்.

சட்டை அழகாக இருந்தது. அதுதான் கெட்டது. ஒட்டகம் ஓடத் தொடங்கியதும் சாட்டின் காற்றில் சரசரவென்று சத்தம் போட்டது; வெயில் பட்டுக் கண்ணாடிபோல மின்னியது. ஒட்டகம் பாதி வழியில் நின்று, கழுத்தை வளைத்துத் தன் முதுகைப் பார்த்தது. பிறகு வந்த வழியே திரும்பி, பண்ணைக் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு தன் கொட்டகைக்குள் போய் நின்றுவிட்டது.

அபூ ஹுமைத் ஒரு கையை மட்டும் காற்றில் வீசினார். கலாஸ் என்று அர்த்தம்.

ஷிஜி மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு தூரம் வந்து, மாமனாரோடு சண்டை போட்டு, அவரை இங்கே இழுத்து வந்து, கடைசியில் ஒரு ஒட்டகத்தின் முன்னால் தோற்கவைத்தாயிற்று. டெல்பினுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கவேண்டும். மிஷின்களை யாரிடம் தள்ளுவது? மனம் அதற்குள் சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டது.

"சாட்டின்தான் கொழப்பம்," என்றார் தேவதாஸ். அவர் கொட்டகை வாசலில் நின்று ஒட்டகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் போடாத துணி வேணும். மின்னவும் கூடாது."

"இங்க எங்கப்பா துணிக்குப் போக?" என்றான் ரெனீஷ்.

அவர் வேனைக் காட்டினார். பின்னால் ஜெபல் அலியிலிருந்து திரும்பி வந்த லுங்கி மூட்டைகள் இன்னும் இறக்கப்படாமல் கிடந்தன.

வேனின் பின்கதவைத் திறந்துபோட்டு, அதன் மேலேயே வெட்டினார். மிஷின் இல்லை. அவரும் ஷிஜியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கையால் தைத்தார்கள். வெயில் இறங்குகிற வரை எழுந்திருக்கவில்லை. அவள் ஒரு முறை ஊசியைக் குத்திக்கொண்டபோது அவர் தன் விரலிலிருந்த அங்குஸ்தான் உறையைக் கழற்றி அவள் பக்கம் தள்ளினார். ரெனீஷ் போய்க் கிழவரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ரேஸுக்கு மட்டும் ஒரு வாய்ப்பு வாங்கி வந்தான். உண்மையில் கெஞ்சலை விட, முந்திரிக்கொத்து டின் பாதி காலியாகியிருந்ததுதான் கொஞ்சம் உதவியது.

வியாழக்கிழமை காலை பந்தயம். பாதைக்கு இரு பக்கமும் முதலாளிகளின் கார்கள் ஒட்டகங்களோடு சேர்ந்து ஓட வேண்டும். அபூ ஹுமைத் காரில் ரெனீஷுக்கும் ஷிஜிக்கும் பின் சீட்டில் இடம் கிடைத்தது. தேவதாஸ் வேனிலேயே இருந்துவிட்டார்.

கயிறு உயர்ந்ததும் ஒரே புழுதி. பக்கத்து ரோபோ ஒன்று சட்டை இல்லாமல் பளபளத்துக்கொண்டு போனது. அதன் ஒட்டகம் பாதையை விட்டு விலகி வேலியை உரசியது. இன்னொன்றின் மேல் கோணிச்சாக்கு. அது பறந்துபோய்ப் பின்னால் வந்த ஒட்டகத்தின் முகத்தை மூடியது. நடுவில், மெரூன் கட்டச் சட்டையில், கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு, அபூ ஹுமைதின் ரோபோ பள்ளிக்கூடம் போகிற பிள்ளைபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஒட்டகம் மிரளவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. ஓடியது.

"யல்லா! யல்லா!" என்று கிழவர் வாக்கி டாக்கியில் தொண்டை கிழியக் கத்தினார்.

"அந்தோனியாரே, சட்டை சுத்தப்பிடாது," என்று ரெனீஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

நாலாவதாக வந்தது.

முதல் மூன்று இடத்துக்குத்தான் பரிசு. அபூ ஹுமைத் காரை நிறுத்தி, இறங்கி, இவர்களைப் பார்க்காமலே கூட்டத்துக்குள் போய்விட்டார். ஷிஜியும் ரெனீஷும் புழுதியில் நடந்து வேனுக்கு வந்தார்கள்.

"நாலு," என்றான் ரெனீஷ்.

"சட்டை சுத்திச்சா?" என்றார் தேவதாஸ்.

"இல்ல."

"அது போதும். வண்டிய எடு. வீட்டுக்குப் போயி, என்ன விக்க முடியும்னு பாப்போம்."

ரெனீஷ் சாவியைத் திருப்பினான். அப்போது யாரோ வேன் கண்ணாடியை உடைப்பதுபோலத் தட்டினார்கள். ஒஸ்மான், மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"எங்கே போகிறீர்கள்? அர்பாப் கூப்பிடுகிறார்! ஒட்டகத்தைச் சுற்றி ஒரே கூட்டம். எல்லாரும் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார்கள். ஒருத்தர் இது எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்கிறார்!"

அபூ ஹுமைத் கையெழுத்துப் போட்டார். ஆனால் லேசில் போடவில்லை. தன் ரோபோக்களுக்குத்தான் எப்போதும் முதலில் தைக்கவேண்டும். மற்றவர்களுக்குத் தைத்துக்கொள்ளலாம், கட்டச் சட்டை மட்டும் வேறு யாருக்கும் தரக்கூடாது. மகனையும் முழுக்க ஏமாற்ற அவருக்கு மனம் வரவில்லை. கடையின் முன் பாதியில் மொபைல் கடை வந்தது. தையல் பின் பாதிக்குப் போனது. வருகிறவர்கள் ரிங்டோன் சத்தத்துக்கு நடுவே நுழைந்து வரவேண்டியிருந்தது. இரண்டு மிஷினை விற்றுத்தான் இடம் பண்ணினார்கள். மீரா சாகிப்பின் ஸ்டூல் மட்டும் நகரவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை இருந்தது. அடுத்த வருஷம் இருக்குமா என்று ஷிஜிக்குத் தெரியாது. ரோபோக்கள் மாதத்துக்கு மாதம் சின்னதாகிக்கொண்டே வந்தன. சட்டையும் சின்னதாகிக்கொண்டே வந்தது. ரெனீஷ் அதற்குள் ஒட்டகத்துக்கே கோட்டுத் தைத்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு மறுபடியும் பயமாக இருந்தது. ஆனால் இது சாப்பாட்டுக்கு நடுவில் வந்து போகிற பயம்தான். முன்புபோல நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கவில்லை.

ஒரு நாள் காலையில் துபாய்க்காரர் ஒருவரின் ஆள் வந்தான். ரோபோவுக்கு ஒரு சட்டை வேண்டும் என்று கையில் ஒரு சீட்டை நீட்டினான். அதில் அளவு எழுதியிருந்தது. தேவதாஸ் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆள் எங்க?" என்றார்.

"ஆள் இல்லை பாய். ரோபோ."

"அவனைத்தான் கேக்கேன். கூட்டிட்டு வா. ஆளப் பாக்காம நான் யாருக்கும் தச்சது இல்ல."

அந்த ஆள் ஷிஜியைப் பார்த்தான். ஷிஜி பட்டனை வாயில் வைத்துக்கொண்டு, சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டாள்.